ஐந்து பேர் வளர்த்த பெண்

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க பொண்ணு மேடையில இருக்கணும்மா. வரலைன்னா சான்றிதழ் கிடையாது," என்றார் ஒருங்கிணைப்பாளர், தொலைபேசியில்.

"அதே பத்து மணிக்குத்தான் சார் அவளுக்கு ஆஸ்பத்திரி லேப்ல இன்டர்வியூ. இந்த ஒரு எடத்துலதான் கூப்பிட்டிருக்காங்க."

"வேலை கிடைச்சிருச்சுன்னு சொல்லித்தானே மேடையேத்துறோம்? அப்புறம் எதுக்கு இன்டர்வியூ?"

சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சான்றிதழ் இல்லாமல் லேப்பில் சேர்க்க மாட்டார்கள். இன்டர்வியூவை விட்டால் சான்றிதழை வைத்து என்ன செய்வது? சரிங்க சார் என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள்.

'தொட்டில் முதல் தொழில் வரை' என்பது திட்டத்தின் பெயர். ஏழைப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட ஐந்து அமைப்புகள் கைகோத்திருந்தன. கைகோத்ததெல்லாம் போட்டோவுக்குத்தான். குழந்தைகள் காப்பகம் பாதி நாள் பூட்டிக் கிடந்தது. பயிற்சி மையத்தில் இருந்தது ஒரே ஒரு மைக்ராஸ்கோப், அதற்கும் லென்ஸ் இல்லை. மகள் படித்ததெல்லாம் அவளாக முட்டி மோதிப் படித்தது.

மறுநாள் அம்மாள் மண்டபத்தின் முதல் வரிசையில் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தையும் மடியிலிருந்த செல்போனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடையில் ஐந்து பெரிய மனிதர்கள். நடுவே வெள்ளைக் கோட்டு போட்ட பெண், நாற்காலி நுனியில் தலை குனிந்து இருந்தாள். பின்னால் பேனரில் மூன்று வயதுக் குழந்தையின் படம். அதற்குப் பிறகு படமெடுக்க யாருக்கும் நேரமில்லை போலும்.

காப்பகத் தலைவி மைக்கைப் பிடித்தார்.

"இவளை இந்தக் கையால தூக்கி வளர்த்தேன். அந்தக் கன்னக்குழி அப்படியே இருக்கு பாருங்க."

மேடையிலிருந்த பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

கணக்கில் அவள் புலி என்றார் தலைமையாசிரியர். தான் போட்ட ஊசிக்கு அவள் அழுத அழுகை இன்னும் காதில் கேட்கிறதாம் டாக்டருக்கு. பயிற்சி மைய நிர்வாகி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தாராம். தொழிலதிபரோ முதல் நாளே அவள் முகத்தைப் பார்த்து, இவள் பெரிய ஆளாக வருவாள் என்று கணித்துவிட்டாராம். ஒருவருக்காவது வாய் கூச வேண்டுமே!

மணி பதினொன்றரை ஆயிற்று. ஒருங்கிணைப்பாளர் குனிந்து, "என்னம்மா, கண்ணு கலங்குது? சந்தோஷமா?" என்றார்.

"பயமா இருக்கு சார்."

"என்ன பயம்? நாங்க இத்தனை பேர் இருக்கோம்ல?"

"அதான் சார்."

கேடயமும் சான்றிதழும் கைமாறின. கைதட்டல் எழுந்தது. மடியிலிருந்த செல்போன் அதிர்ந்ததும் அவள் அவசரமாக வராந்தாவுக்கு வந்தாள்.

"அம்மா, என்னை எடுத்துட்டாங்கம்மா. திங்கக்கிழமை சான்றிதழோட வரச் சொன்னாங்க. கைக்கு வந்துருச்சா?"

அம்மா கதவிடுக்கு வழியாக மேடையை எட்டிப் பார்த்தாள்.

"வந்துருச்சுடி. ஆனா மாடி வீட்டு அக்கா மகதான் இன்னும் கீழ எறங்கல. உன்னைத் தூக்கி வளர்த்த அஞ்சு பேரும் அவளைக் கட்டிப் பிடிச்சுப் போட்டோ எடுத்துக்கிட்டு இருக்காங்க."