சத்திரக்காரி வசனம்

ஜோஸ்லின் சிவப்புப் பேனாவை எடுத்து, பெனடிக்ட் சாரின் கண் முன்னாலேயே அவருடைய நாடகத்தின் முதல் பக்கத்தின் குறுக்கே நீளமாக ஒரு கோடு போட்டாள்.

"பேஜர் ஜோக்கு வேண்டாங்க சார். பேஜர்னா என்னன்னே இப்ப யாருக்கும் தெரியாது."

"அப்ப மிஸ்டு கால்னு மாத்திக்கலாம்."

"மிஸ்டு கால் ஏழாம் பக்கத்துல இருக்குதுங்க. அதையும் அடிக்கத்தான் போறேன்."

சேலத்தில் அந்த மாதா கோயில் பங்கில் இருபத்தெட்டு வருசமாகக் கிறிஸ்மஸ் என்றால் பெனடிக்ட் சாரின் இயேசு பிறப்பு நாடகம்தான். போன வருசம் பாதியிலேயே பாதிச் சனம் எழுந்து பிரியாணிப் பந்திக்குப் போய்விட்டது. இந்த வருசமும் இப்படியென்றால் நாடகத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக் கச்சேரி வைத்துக்கொள்ளலாம் என்று பங்குச் சாமியார் சொல்லிவிட்டார். பொறுப்பு இளைஞர் குழுத் தலைவி ஜோஸ்லின் தலையில் விழுந்தது. நாடகத்தைச் சாகவிடுவதில்லை என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள், யார் மனசு நொந்தாலும் சரி.

நொந்த மனசு எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. அறுபத்தெட்டு வயசு, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர்.

"ஏங்கண்ணு, சனங்களுக்குப் புதுசா இருக்கட்டும்னுதானே வருசா வருசம் சேர்த்தேன்?"

"புதுசுன்னு சேர்த்ததுதாங்க சார் மொதல்ல பழசாகுது."

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது. ஆனால் பேனா நிற்கவில்லை. செல்லாத நோட்டு வசனம் போனது. செல்ஃபி எடுக்கும் மேய்ப்பன் போனான். 'அந்தோ, பேதை நெஞ்சே' என்று சூசையப்பர் புலம்பும் ஒன்றரைப் பக்கம் மொத்தமாகப் போனது.

வேசத் துணி தைக்கும் மஞ்சுளா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பெரிய மனுசனைக் கூப்பிட்டு உக்கார வச்சு இப்படியா அவமானப்படுத்தறது?" என்று காதில் விழும்படியே முணுமுணுத்தாள்.

ஜோஸ்லின் நிமிரவில்லை. முப்பத்தொன்பதாம் பக்கத்தில்தான் பேனா நின்றது. மாதாவுக்கு இடமில்லை என்று கதவைச் சாத்திய சத்திரக்காரி, தனியே நின்று பேசும் ஒரே ஒரு வரி.

'எடமில்லைன்னு தொரத்திட்டேனே, அந்தப் புள்ளத்தாச்சி சாப்டாளான்னு ஒரு வார்த்தை கேக்கலையே.'

பந்திக்கு எழுந்து போனவர்கள்கூட இந்த வரிக்கு வந்து நின்றுவிடுவார்கள். ஆறு வயசில் கேட்டபோதும் ஜோஸ்லினுக்கு அழுகை வந்தது. இப்போதும் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள்.

"இதுல கை வைக்க மாட்டேங்க சார். நாடகத்தையே இதைச் சுத்தித்தான் திருப்பி எழுதப் போறோம். நூறு வருசம் ஆனாலும் இது பழசாகாது."

பெனடிக்ட் சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோபம்தான் போல என்று நினைத்துக்கொண்டு அவள் நாடக நோட்டீஸின் மாதிரியை அவர் பக்கம் நகர்த்தினாள். "உங்க பேரு அப்படியே மேலதாங்க இருக்கும். கதை, வசனம்: பெனடிக்ட். இந்த ஒரு வரிக்கே தகும். இதை எப்படிங்க சார் எழுதுனீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அவள் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே அடித்தார்.

"நான் எழுதலை கண்ணு. அந்த எடத்துல நான் எழுதுனது சுத்தத் தமிழ்ல பத்து வரி. மொத வருசம் சத்திரக்காரி வேசம் போட்ட தெரசம்மாளுக்கு அது மறந்துபோச்சு. வாய்க்கு வந்ததை அவளாச் சொன்னா."

"நம்ம கோயில் கூட்டற தெரசம்மா அக்காவா?"

"அவதான். எழுதுனதைப் பேசத் தெரியாதான்னு மேடைக்குப் பின்னால நாலு பேரு முன்னாடி திட்டினேன். வெளிய வந்தா, சனம் அந்த வரியையே சொல்லிச் சொல்லி என் கையப் புடிக்குது."

அடித்த பெயருக்கு மேலே 'தெரசம்மாள்' என்று நிதானமாக எழுதினார்.

"வரியை நான் வச்சுக்கிட்டேன். அடுத்த வருசத்துல இருந்து அவளுக்கு வேசமே குடுக்கலை."