உறை பிரிக்காத பாய்

அந்தப் புதுப் பாய்மரப் படகில் பாயும் துடுப்பும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. பாய் மட்டும் கடையில் சுற்றிக்கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது.

படகை வாங்கிய கிளமெண்டும் அவர் மனைவி செலினும், கல்யாணமான நாளிலிருந்து கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்த எதிர்த்தீவுக்கு முதல் பயணம் கிளம்பினார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் கிளமெண்ட் பாயைப் பிரிக்கப் போனார்.

"இன்னிக்கேவா பிரிக்கணும்? இந்த வெயிலுக்கு வெளுத்துப்போயிடுங்க," என்றார் செலின்.

"அதுவும் சரிதான்," என்று கிளமெண்ட் துடுப்பை எடுத்தார்.

காற்று வந்து உறையைத் தட்டியது. "நான் அந்தத் தீவுக்குத்தான் போறேன். வர்றியா?"

"எழுந்திரிக்க முடியலையே," என்றது பாய். "உன் சத்தம் மட்டும்தான் கேக்குது."

"கொஞ்சம் நில்லு காத்தே, இவங்க மனசு மாறினாலும் மாறும்," என்று துடுப்பு மூச்சு வாங்கியது.

காற்றுக்கு நிற்கத் தெரியாது. போய்விட்டது.

தீவின் தென்னைமரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கியபோது கிளமெண்டுக்குக் கை கொப்பளித்துவிட்டது. படகைத் திருப்பினார்கள். செலின் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரை சேர்ந்ததும், உறைமேல் தெறித்திருந்த உப்புத்தண்ணீரை முந்தானையால் துடைத்தார்.

"பாருங்க, ஒரு கீறல் இல்ல. அப்படியே புதுசா இருக்கு."

"ஆமா," என்றார் கிளமெண்ட், தீவைப் பார்த்தபடி.

அவர்கள் போனபிறகு பாய் மெதுவாகக் கேட்டது. "துடுப்பே, அந்தத் தென்னைமரமெல்லாம் எப்படி இருந்துச்சு?"

"ஆடிக்கிட்டு இருந்துச்சு," என்றது துடுப்பு. "காத்து போய்ச் சேந்துடுச்சு."