மேனேஜரின் சோர்வு

டாக்டர் மேனேஜரைத் தூக்கித் தராசில் வைத்தார். அது ஈரத் துணி மாதிரி சரிந்து படுத்துக்கொண்டது.

மேனேஜர் எங்கள் பூனை. ஒரு வேலையும் செய்யாமல் வீட்டில் நடக்கும் எல்லா வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அந்தப் பெயர்.

"நாலு நாளா இப்படித்தான் டாக்டர்," என்றேன்.

"ஒரு வாரம் ஆச்சு டாக்டர்," என்றாள் என் மனைவி.

பூனையின் சோர்வைக் கண்டுபிடிப்பது லேசில்லை. நல்ல பூனையே நாளில் பாதிக்கு மேல் தூங்கும். எவ்வளவு நேரம் தூங்குகிறது என்று கணக்கெடுத்துப் பயனில்லை. கூப்பிட்டால் காது திரும்புகிறதா, பிஸ்கட் டப்பாவைத் தட்டினால் எழுந்து வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

காது திரும்பியது. சாப்பாட்டுக் கிண்ணமும் காலியாகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் டப்பாவுக்கு எழவில்லை. பிஸ்கட்டுக்கு எழாத மேனேஜரை ஒன்பது வருடத்தில் நான் பார்த்ததில்லை.

நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கையில் எது கிடைத்தாலும் தொட்டுப் பார்த்துவிடுவேன். காது மடல் கொதிக்கவில்லை. ஈறு வெளுக்கவில்லை. விலாவில் காதை வைத்தேன், மோட்டார் சீராக ஓடியது. எல்லாம் சரியாக இருந்தும் ஓடாத பெட்டியைக் கண்டால்தான் எனக்குப் பயம். அப்படி வரும் பெட்டிகளில் பாதிதான் திரும்பி வீட்டுக்குப் போகும்.

டாக்டர் வயிற்றை அழுத்தினார். ரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு முறை படித்தார். நான் மேனேஜரின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ரத்தத்துல ஒரு குறையும் இல்ல. ஆனா போன தடவையைவிட அரைக் கிலோ கூட. காலைல யார் சாப்பாடு வைக்கிறது?"

"நான்தான்," என்றேன்.

"நான்தான்," என்றாள் அவள், அதே நொடியில்.

"சாயங்காலம்?"

இருவரும் மேனேஜரைப் பார்த்தோம். மேனேஜர் சுவரைப் பார்த்தது.

இதில் மர்மம் எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் கிண்ணத்தை நிரப்பியவர் "வச்சாச்சு" என்று குரல் கொடுப்பார். கேட்டவர் வைக்க மாட்டார். மேனேஜர் நக்கித் துடைத்த கிண்ணத்தில் தடயம் எதுவும் மிஞ்சாது என்பதால் அந்தக் குரல் ஒன்றுதான் ஆதாரம். அருமையான ஏற்பாடு. அது ஓட வேண்டுமானால் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"வீட்ல ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லிக்க மாட்டீங்களா?" என்றார் டாக்டர்.

சொல்லிக்கொண்டு பன்னிரண்டு நாளாகிறது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் ஒழுகுகிறது என்று அவள் ஒரு வருடமாகச் சொல்லிவந்தாள். அது ஒழுகல் இல்லை, வெறும் வேர்வை என்று படம் வரைந்து விளக்கினேன். அதோடு நின்றது பேச்சு.

டாக்டர் அளவை எழுதி, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் சீட்டை எங்கள் நடுவில் நீட்டினார்.

அவள் வாங்கிப் படித்தாள். மேனேஜரைக் கூடைக்குள் தள்ளி அதன் கதவைப் பூட்டினாள்.

"ஏங்க."

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

"காலைல நான். சாயங்காலம் நீங்க."

அதைவிட நல்ல முறை ஒன்று எனக்குத் தோன்றியது. வாயைத் திறந்தேன்.

"சரிம்மா," என்றேன்.