வாயு கொடுத்த நான்கு நாள்

ஆறு வருடம் கழித்து மாற்றலில் திரும்பி வந்திருந்த சுவாசக் கருவி டெக்னீஷியனுக்கு, பச்சிளங்குழந்தைகள் வார்டு வாசலில் அன்றைக்குப் பழக்கமான ஒரு அம்மாவைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. பக்கத்திலிருந்த புது நர்ஸிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"இவங்க பொண்ணுக்குப் பிறந்தன்னிக்கே நுரையீரல்ல ரத்த அழுத்தம் ஏறி, உடம்பே நீலம் பாரிச்சுப் போச்சு. ரத்தக் குழாயைத் தளர்த்துற நைட்ரிக் ஆக்சைடு வாயுவை மூச்சோட சேர்த்துக் குடுத்தேன். அரை மணியில ரோஜாப்பூ மாதிரி ஆயிட்டா!"

"அப்படியே ஞாபகம் வெச்சிருக்கீங்களே அண்ணே!"

"மறக்குமா? வாலு என்ன படிக்கிறா? ஏன் கூட்டிட்டு வரல?"

அவள் பழப்பையை அவர் கையில் கொடுத்தாள்.

"மறுநாளே உங்களுக்கு மாற்றல் வந்துடுச்சு அண்ணே. அஞ்சாம் நாள் அவ போயிட்டா."

அவர் பழப்பையைக் கீழே வைத்தார். "மன்னிச்சுடும்மா... யாரும் சொல்லல."

"நீங்க திரும்பி வந்துட்டீங்கன்னு கேள்விப்பட்டு நன்றி சொல்லத்தான் வந்தேன். அப்ப என் வீட்டுக்காரர் கப்பல் வேலையில கடல்ல இருந்தாரு. நாலாம் நாள்தான் வந்து சேர்ந்தாரு. அந்த வாயு இல்லேன்னா மகளை உயிரோட பார்த்திருக்க மாட்டாரு. உள்ள வர்றதுக்கு முன்னால கை கழுவணும்னு மோதிரத்தைக் கழட்டச் சொன்னாங்க. அந்த விரலைத்தான் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அதுல அவர் இன்னும் மோதிரம் போடல அண்ணே."