டாக்டரம்மாவின் முகம்

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக் கும்பிட்டார் ஆதிமூலம்.

"வணக்கம் டாக்டரம்மா."

"வணக்கங்க. அட்டையை நல்லா படிச்சீங்களாமே," என்றது குரல்.

டாக்டர் இருப்பது புதுச்சேரியில். செஞ்சியின் இந்தச் சின்னக் கண் மையத்தில் இருப்பது பூங்குழலி மட்டும்தான். அவள் கண்ணைப் படம் எடுத்து அனுப்புவாள். டாக்டர் அங்கிருந்தபடியே பார்த்துச் சொல்வார்.

வேன் முதலாளி ஆனந்தராஜ் காலையில் கறாராகச் சொல்லிவிட்டார். கண் நன்றாக இருக்கிறது என்று சீட்டு வர வேண்டும். வராவிட்டால் வேன் வேறு ஆளுக்கு.

வேன் ஓட்டுவதை விட்டால் ஆதிமூலத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

எழுத்து அட்டையைத் தாண்டியாயிற்று. பெஞ்சில் காத்திருந்தபோது, முன்னால் போனவர்கள் படித்ததையெல்லாம் காதிலேயே வாங்கி மனப்பாடம் பண்ணிவிட்டார். கடைசி வரியில் மட்டும் வேண்டுமென்றே கொஞ்சம் தடுமாறினார். எல்லாம் சரியாகச் சொன்னால் சந்தேகம் வருமே.

இனி இந்த அம்மாவைச் சமாளித்தால் போதும்.

திரையில் முகம் மாநிறமாக, உருண்டையாகத் தெரிந்தது. நடுவில் ஏதோ வெள்ளை. பல்லாகத்தான் இருக்கும்.

சிரிக்கிறார். ஆதிமூலமும் சிரித்து வைத்தார்.

"படம் வேற மாதிரி சொல்லுதுங்களே. திரை உங்களுக்கு நல்லா தெரியுதா?"

"இன்னா டாக்டரம்மா இப்டி கேட்டுட்டீங்க? பளிச்சுன்னு இருக்குது. நீங்க சிரிக்கிறதுகூட தெரியுது."



பூங்குழலி ஆதிமூலத்தின் தோளருகே குனிந்தாள்.

"அண்ணா, டாக்டர் மொகம் இன்னும் வரவே இல்ல. நெட்டு ஸ்லோன்னு கேமராவ ஆஃப் பண்ணிட்டாங்க. அதுல இருக்குறது உங்க வலது கண்ணு. இப்ப நான் எடுத்த போட்டோ."

மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்கு ஆதிமூலம் சாய்ந்தார்.

"அப்ப, நடுவுல வெள்ளையா இருக்குதே?"

"அதாண்ணா புரை."

"பயப்படாதீங்க," என்றது குரல். "ஆபரேஷன் பண்ணிட்டா திரும்ப ஓட்டலாம். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க. இப்ப எப்படி வந்தீங்க?"



வெளியே ஹாரன் அடித்தது.

மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற சனம், வேன் கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது. வல்லத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் ஆதிமூலம் இங்கே நிறுத்தியிருந்தார். நேரமாகிறது என்று முன் சீட்டிலிருந்து எட்டி அடித்திருப்பாள், அவர் மனைவி மீனம்பாள்.

இன்னொரு முறையும் அடித்தாள்.

ஆதிமூலம் சட்டைப் பையிலிருந்து செல்போனை எடுத்து, பூங்குழலி நின்ற பக்கமாக நீட்டினார்.

"மொதலாளி பேரு அதுல இருக்கும் பாரு யம்மா. போட்டுக் குடு. வேற டிரைவர அனுப்பச் சொல்லணும்."