இடது காலுக்கு ஒரு வேலை

"இந்தக் காலத்துல எவனை நம்புறது? முழிச்சிருக்கும்போதே கண்ணு மையைக் களவாண்டுட்டுப் போறானுங்க! நானெல்லாம் வயசு பூரா துறைமுகத்துல கப்பலுக்குக் கயிறு கட்டினவன். நான் நின்ன இடத்துல ஒரு ஆணி காணாமப் போனதில்லை, தெரியுமா?"

விடுதியின் விருந்துக் கூடத்தில் வாட்ச்மேன் பெரியவர் போட்ட சத்தத்துக்கு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மேடையில் டிரம்ஸ் வாசிக்கிற பெண் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கத்தாதீங்க தாத்தா. ஹை-ஹாட் தட்டு ரெண்டையும் காணோம்னுதான் சொன்னேன். நீங்க எடுத்தீங்கன்னா சொன்னேன்?"

"சொல்லித்தான் பாரேன்!"

அவளுடைய இடப்பக்கத்தில் இரும்பு ஸ்டாண்டு மட்டும் மொட்டையாக நின்றது. போன வாரம் டிரம்ஸைக் கொண்டுவந்து இங்கே இறக்கியபோது ஸ்டாண்டு ரிப்பேருக்குப் போயிருந்ததால், தட்டுகளை மட்டும் பின்னறையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வந்து பார்த்தால் இல்லை. இன்று மேனேஜர் வாசிப்பைக் கேட்கப் போகிறார். பிடித்தால் வாரா வாரம் சனிக்கிழமை இங்கே வேலை. பிடிக்காவிட்டால் பழையபடி யாராவது பிறந்தநாளுக்குக் கூப்பிட மாட்டார்களா என்று போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெரியவர் ஏற்கெனவே எலக்ட்ரீஷியனின் பையைக் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. சமையல்காரரின் டிபன் கேரியரைக்கூட விடவில்லை.

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்," என்றான் கிட்டார்காரன். அவளுடைய தம்பி.

"எலியா? அதையெல்லாம் நான் எப்பவோ ஒழிச்சாச்சு. என்கிட்டயா நடக்கும்? இது மனுஷ எலி வேலைடா!" என்ற பெரியவர் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இத்தனை பானை சட்டி பரப்பி வச்சிருக்கியே, அது ஒண்ணு இல்லாட்டி குடியா முழுகிடும்?"

"பாட்டு பூரா பின்னாடி ச்ச்... ச்ச்னு ஒண்ணு கேக்கும்ல தாத்தா? அது அதுதான். பாதி நேரம் வலது கை அதுலதான் இருக்கும். இடது கால் அதை மிதிச்சுக்கிட்டே இருக்கும். இப்ப இடது காலுக்கு வேலையே இல்லை."

"வேலை இல்லாத காலை நான் நிறையப் பார்த்திருக்கேன். என் மருமகனுக்கு ரெண்டும் அப்படித்தான்."

தம்பி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.

"சரி, அது பார்க்க எப்படி இருக்கும்? இதாட்டம் தங்கத் தாம்பாளம் மாதிரி தகதகன்னு இருக்குமா?" பெரியவர் அவளுடைய வலப்பக்கம் தொங்கிய பெரிய தட்டைக் காட்டினார்.

"அதே ஜாதிதான், கொஞ்சம் சின்னது. ஆனா பார்க்க..."

"அக்கா, மேனேஜர் வந்துட்டார்!"

அவள் சட்டென்று எழுந்தாள். பெரியவரும் வணக்கம் வைக்க விறைப்பாக நிமிர்ந்தார். அவர் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்து ஜல் என்றது.

அவள் கண் அந்தக் கொத்திலேயே நின்றது.

"தாத்தா, அதைக் கொஞ்சம் குடுங்க."

"எதை? சாவியையா? விடுதிச் சாவி பூரா இதுலதான் இருக்கு. உன்கிட்ட குடுத்துட்டு நான் விரல் சூப்பவா?"

"என் பக்கத்துலயே நில்லுங்க. கண்ணை எடுக்காமப் பாருங்க. என் பொழைப்பு தாத்தா!"

பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்தார். தம்பி தன் ஷூவிலிருந்து லேஸை உருவிக் கொடுத்தான். சாவிக்கொத்து அவளுடைய இடது காலில் ஏறியது.

வாசிப்பு தொடங்கியது. வலது கை தட்டைத் தேடிப் போய், வெறும் காற்றைத் தொட்டு, டிரம்மின் மர விளிம்புக்குத் தாவியது. டக் டக் டக். முதல் பாட்டில் கொஞ்சம் தள்ளாடினாள். இரண்டாவதில் இடது கால் எழுந்து எழுந்து விழுந்தது. ஜல்... ஜல்... ஜல். மூன்றாவது பாட்டுக்குச் சமையல்காரர் கரண்டியோடு வாசலில் வந்து நின்றார். பெரியவர் மட்டும் பாட்டைக் கேட்கவில்லை. காலடியில் குனிந்து நின்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது என்னம்மா, ஜல்லு ஜல்லுன்னு?"

அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "புது முறை சார்."

"நல்லா இருக்கே! வர்றவன் எல்லாம் ஒரே மாதிரி ச்ச் ச்ச்னு வாசிச்சுத் தூங்க வச்சுட்டுப் போறான். இது ஆளை நிமிர்த்தி உக்கார வைக்குது. சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடுங்க. அந்தச் சாவியோட!"

"யாரு சாவியோட?" என்றார் பெரியவர். யாரும் காதில் வாங்கவில்லை.

அவள் துள்ளி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "தாத்தா, தட்டைத் திருடினவன் நூறு வருஷம் நல்லா இருக்கணும்!"

"திருடனுக்கு ஆசீர்வாதமா! வெளங்கும்!"

சாவிக்கொத்தைப் பிடுங்கி, ஒவ்வொரு சாவியாகத் தடவிப் பார்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, முணுமுணுத்தபடியே பின்பக்கத்தில் இருந்த தன் அறைக்குப் போனார். அலமாரியில் வைத்த ரொட்டி வைத்தபடியே இருந்தது. எலிக் கடி இல்லை. அதில் கொஞ்சம் மனசு ஆறியது.

அப்போது காற்று வீசியது. தலைக்கு மேலே ச்ச்... ச்ச்... என்று சத்தம்.

நிமிர்ந்து பார்த்தார். எலி இறங்கி வராமல் இருப்பதற்காக டிவி ஒயரில் அவரே கோர்த்து மாட்டிய, பின்னறையில் கேட்பாரற்றுக் கிடந்த, நடுவில் ஓட்டை போட்ட இரண்டு கறுத்த வட்டத் தட்டுகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டிருந்தன.

பெரியவர் அவற்றைக் கொஞ்ச நேரம் முறைத்தார். "ச்சே! இது கப்பல் கயித்துல எலி ஏறாம மாட்டுற தட்டு. வயசு பூரா மாட்டினவனுக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு, அந்தத் திருட்டுப் பயலைத் தேடிக் கிளம்பினார்.