அருமையான சாம்பார்

தொழிற்சாலை கேன்டீனில் லின் மெய் அன்றும் தன் டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஒரு மாதமாக அதே சாம்பார், அதே தித்திப்பு.

"ஏன்டி, இது சாம்பாரா, பாயசமா? உங்க ஊர்ல இதை எறும்புக்குத்தான் ஊத்துவாங்களா?" என்றாள் குழலி.

"பாராட்டுக்கு நன்றி, அக்கா," என்று லின் மெய் சீன மொழியில் சொன்னதைத் தமிழாக்கியது குழலியின் காதிலிருந்த மொழிபெயர்ப்புக் கருவி. லின் மெய்யின் முகமோ வாடிக்கிடந்தது. கருவி தொடர்ந்தது: "நான் ஊருக்கே திரும்பிப் போகிறேன். எங்கள் ஊரில் நெருங்கியவர்கள் ஒருவரையொருவர் கிண்டலடிப்பார்கள். அதற்குத் 'துசாவ்' என்று பெயர். இங்கே இரண்டு வருடமாக எல்லோரும் என்னைப் பாராட்டுகிறீர்கள். எனக்கு யாருமே இல்லை."

குழலிக்குச் சுருக்கென்றது. 'நம் கருவி நல்லதையே பேசும்' என்று சுவரில் எழுதியிருந்ததன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது: அவள் கிண்டலையெல்லாம் கருவி பாராட்டாக மாற்றியே லின் மெய்யிடம் சொல்லியிருக்கிறது. கருவியைக் கழற்றினால் அன்றே வேலை போகும். இந்த வேலைக்காக அவள் மூன்று வருடம் காத்திருந்தவள்.

கழற்றி மேசையில் வைத்தாள். சாம்பாரைக் காட்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "துசாவ்!" என்று கத்தினாள்.

லின் மெய் திகைத்தாள். பிறகு தன் கருவியையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "போடி லூசு!" என்றாள் அழகான தமிழில்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "குழலி, மாட்டும்மா. வேலை போயிடும்!"

"போகட்டும் சார்," என்று குழலி டப்பாவை அவர் பக்கம் தள்ளினாள். "காதுல இருக்கறதைக் கழட்டிட்டு, இதை ஒரு வாய் குடிச்சுப் பாத்து இவகிட்ட உண்மையைச் சொல்லுங்க."